விரற்குற்றமா, கருவிக்குற்றமா?

எழுத்தின் அளவைக் கண்ணிமைப்பொழுதாலும் கைந்நொடிப்பொழுதாலும் வரையறுத்தனர் நம் இலக்கண நூலார். ஒலியைக் காலங்கொண்டு அளக்கும் இம்முறை ஏட்டில் மட்டும் உறைவதன்று. நம் பாடற்குழுவினர் வாசிக்கும் மிடி கீபோர்டினுள்ளும் அது நாடோறும் நிகழ்கின்றது. அங்ஙனம் அளக்குங்கால் ஓரொலி மெலிந்தும், அடுத்த ஒலி காரணமின்றி ஓங்கியும் வருதல் ஏன், அதனைச் சீர்செய்தல் எங்ஙனம் என்பவற்றை யாம் பட்டறிந்தவாறு ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். இசை வல்லார் குற்றங் காணின் பொறுத்தருள்வாராக.

சென்ற ஆண்டுக் கிறிஸ்து பிறப்புப் பாடற் பயிற்சியில், பாடுவோர்க்குத் துணையாகப் பியானோ ஒலியை வாசிக்கும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. மெல்லிய பாட்டொன்றின் நடுவே ஒரு சுரம் மட்டும் பறை அறைந்தாற்போல் எழுந்தது. பாடுவோர் திரும்பிப் பார்த்தனர். எமக்கு நாணம் மேலிட்டது. குற்றம் எம் விரலதே எனத் துணிந்து ஒரு திங்கள் விடாது பழகினோம், பயனில்லை. பொறுப்பை வேறொருவர்க்கு விட்டுவிடுதலே நன்று என்றும் எண்ணலானோம். அந்நிலையில் அருகிருந்த நண்பர் ஒருவர் விளையாட்டாக அக்கட்டையை மெல்ல அழுத்த, அவர் விரலுக்கும் அஃது அவ்வாறே ஓங்கி ஒலித்தது. ஆராயாது தம்மைப் பழித்தலும், ஆராயாது கருவியைப் பழித்தலும் ஒரு தன்மையவே என்பதை அன்று உணர்ந்தோம்.

மிடி என்பது வெவ்வேறு நிறுவனத்தார் செய்த மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுதற்பொருட்டு 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த பொதுமொழியாகும். மிடி கண்ட்ரோலர் எனப்படும் கட்டைப்பலகை தானே ஒலி எழுப்புவதன்று. எந்தக் கட்டை அழுந்தியது, எவ்வளவு விரைந்து அழுந்தியது என்னும் செய்திகளை எண்களாக்கிக் கணினிக்கோ வேறோர் ஒலிக்கருவிக்கோ அனுப்புவதே அதன் தொழில். விரைவைக் குறிக்கும் எண் வெலாசிட்டி எனப்படும். யாம் அதனை விரைவெண் என்போம். அஃது 1 முதல் 127 வரை செல்லும். 2020-ல் வெளிவந்த மிடி 2.0 முறை 65,536 மதிப்புகளுக்கு இடந்தரினும், பழைய அளவே இன்னும் பெருவழக்காக உள்ளது.

விரைவு அளக்கப்படுமாறு கூறுவாம். பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு கட்டையின் கீழும் இரண்டு தொடுமுனைகள் உள. கட்டை இறங்குங்கால் முதல்முனை முன்னும், இரண்டாம்முனை பின்னும் தொடும். இடைப்பட்ட காலத்தை, நொடியை ஆயிரங் கூறாக்கியும் அதனினும் நுண்ணிதாகவும் கருவி எண்ணுகின்றது. காலங் குறுகின் விரைவெண் பெரிது, நீளின் சிறிது. ஆகவே அளக்கப்படுவது அழுத்தும் வலிமையன்று, இறங்கும் விரைவேயாம். தொலைவு மாறாதிருக்கக் காலம் பாதியாயின் விரைவு இருமடங்காகும். ஆதலின் விரைந்து வாசிக்குமிடத்து, நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு வேறுபாடும் பெரிதாய்ப் புலப்படும்.

நிற்க. ஒலி ஒவ்வாமைக்கு இடம் நான்கு: விரல், கட்டை, விரைவு வளைவு, ஒலி தரும் மென்பொருள். இவற்றுள் எது குற்றமுடையது என்று செவியால் மட்டும் துணிதல் அரிது. கணினியிலுள்ள இசைப்பதிவு மென்பொருள் ஒவ்வொரு சுரத்தின் விரைவெண்ணையும் கண்ணெதிரே காட்டும். அதுவே நடுநின்ற சான்று.

யாம் செய்த சோதனை எளிது. இருபது நாணயங்களை அடுக்கித் துணியில் உருளையாகப் பொதிந்தோம். தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, கட்டையின் முன்விளிம்பிற்கு மேலே ஒரே உயரத்தில் நிறுத்தி, அக்குழாய் வழியே பொதியை ஒவ்வொரு வெண்கட்டையின் மீதும் பத்து முறை விழவிட்டோம். எண்கள் சிறிதே முன்பின்னாக வந்தன. எம்மை நாணுறுத்திய கட்டை மட்டும் பத்தில் ஏழு முறை 127 காட்டிற்று! விரலே தீண்டாதபோது விரலின்மேல் குற்றம் சுமத்துவது எங்ஙனம்?

இதன் காரணமும் எளிதில் விளங்கும். முதல்முனையில் அழுக்குப் படியின் அது காலந்தாழ்த்தே தொடும். அதனால் இரண்டு தொடுகைக்கும் இடைப்பட்ட காலங் குறுகி, மெல்ல அழுத்தினும் விரைவெண் உச்சத்திற்கு ஏறும். இரண்டாம்முனையில் அழுக்குப் படியினோ ஒலி மெலியும், அல்லது எழாதே போம். கருவி பழுதுபார்ப்பவர் ஒருவர், மின்னிணைப்பை நீக்கிப் பலகையைத் திறந்து, கட்டையின் கீழுள்ள ரப்பர்த் தொடுமுனைகளையும் அவை படியும் இடத்தையும் தூய சாராயம் தோய்த்த பஞ்சால் துடைத்தார். அன்றே அக்கட்டை தன் தோழரோடு ஒத்தது.

எனினும் எம் செருக்கு நெடிது நில்லவில்லை. பின்னர் எம் விரல்களால் வாசித்து எண்களை நோக்கியபோது, மோதிர விரல் இட்டவை ஏனையவற்றினும் ஏறத்தாழ இருபது குறைந்திருந்தன. கருவியின் பெருங்குற்றம் எம் சிறுகுற்றத்தை இத்துணை நாளும் மறைத்திருந்தது. இதற்கு மருந்து மெல்லிய பயிற்சியே: ஐந்து சுரங்களை மெதுவாக வாசித்து, எண்கள் பத்துக்குள் நெருங்கும்வரை விரைவைக் கூட்டாதிருத்தல். விரல் படும் இடமும் முதன்மையானது. கட்டை பின்னே ஓர் ஊன்றுகோலில் அசைவதாகலின், ஊன்றுமிடத்தை நெருங்க நெருங்க அதே வலிமைக்கு இறங்கும் விரைவு குறையும். கட்டை குறுகிய சிறு கருவிகளில் இவ்வேறுபாடு மிகுதி.

இனி விரைவு வளைவாவது, அளந்த காலத்தை 127 படிகளுள் ஒன்றாக மாற்றும் அட்டவணை. மென்மை, இடைநிலை, கடுமை எனச் சில வளைவுகளைக் கருவியே தரும். இயல்பாக வாசிக்குங்கால் எண்கள் நடுவிலே திரளுமாறு ஒன்றைத் தெரிந்துகொள்க. கருவியில் ஒரு வளைவும் மென்பொருளில் மற்றொரு வளைவுமாக இரட்டைத் திருத்தம் செய்யற்க. எது எதனைக் கெடுத்தது என்பது பின்னர் விளங்காது. மென்பொருளிலும் ஓர் இடர் உண்டு. பியானோ ஒலியை மெலிவு, நடு, வலிவு எனப் பல அடுக்குகளாகப் பதிந்து வைத்திருப்பர். ஓர் எண் அடுக்கின் எல்லையைத் தாண்டின் ஒலியின் தன்மையே மாறும். விரலின் சிறு வேறுபாடு செவிக்குப் பெரிதாகும். விரைவெண்ணுக்கு ஒலி அசையும் அளவைச் சற்றுக் குறைத்தால் இது தணியும்.

இறுதியாக ஒன்று. எல்லாச் சுரத்திற்கும் ஒரே விரைவெண்ணை அனுப்பும் வசதியும் பல கருவிகளில் உண்டு. குழலார்கனில் கட்டையை அழுத்தும் விரைவு ஒலியளவை மாற்றாதாகலின், அவ்வொலிக்கு அது தகும். பியானோவிற்கு அதனைக் கொள்வது நோயோடு உயிரையும் போக்குவதாம். எடுத்தல், படுத்தல், நலிதல் என ஓசை வேறுபாடு வகுத்த தமிழர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. சமநிலையாவது எல்லா ஒலியும் ஒன்றாதலன்று. யாம் கருதிய ஒலி கருதியவாறே வருதல். கருதாது ஓங்கிய ஒரு சுரத்தை அடக்கிய பின்னரே, கருதி ஓங்க வேண்டிய சுரத்தை ஓங்கச் செய்யும் உரிமை எமக்கு வந்தது.