கம்ப்யூட்டருக்கு ஏன் மயக்கம் வருகிறது?

திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்றால் லேசான சமாசாரம் அல்ல. வாரக் கூலி பட்டுவாடா ஆகவேண்டிய நேரம். பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் பலவற்றில் கணக்குப் பார்ப்பவர் வீட்டு அம்மாள்தான். யார் எத்தனை டஜன் தைத்தார்கள், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே வருகிறீர்கள். இன்னும் நாலே பேர்தான் பாக்கி. டப்! திரை இருண்டுவிட்டது. கரண்ட் போகவில்லை, தலைக்கு மேலே மின்விசிறி சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் மாத்திரம் மூர்ச்சையாகிவிட்டது. வாசலிலோ கூலிக்குக் காத்திருக்கும் பெண்கள்.

மெக்கானிக்குக்கு ஆள் போகிறது. அவரும் வருகிறார். “வைரஸுங்க அக்கா, ஃபார்மட் அடிச்சாச் சரியாப் போயிருங்க” என்கிறார். அடிக்கிறார். செவ்வாய்க்கிழமை மறுபடியும் டப்! “அப்ப போர்டுதானுங்க போச்சு” என்கிறார். போர்டின் விலையைக் கேட்டால் இப்போது உங்களுக்கு மயக்கம் வருகிறது.

சற்றுப் பொறுங்கள். பிரஷர் குக்கரின் மூடியில் சின்னதாக ஒரு ஸேஃப்டி வால்வு இருக்கிறதல்லவா? வெயிட் அடைத்துக்கொண்டால் அந்த வால்வு திறந்து ஆவியை வெளியே விட்டுவிடும். அதற்காக வால்வைத் திட்டுவோமா? அடைப்பு எங்கே என்றுதான் தேடுவோம். கம்ப்யூட்டர் தானாக அணைவதும் பல சமயம் இந்த மாதிரி தற்காப்புதான். அதற்குள்ளே ‘பிராஸஸர்’ என்று ஒரு சில்லு இருக்கிறது. சதுர பிஸ்கட் அளவுதான். உழைப்பு முழுவதும் அதனுடையது. சும்மா இருக்கையில் 40, 50 டிகிரி உஷ்ணம். வேலை மும்முரமானால் 70, 80. நூறு டிகிரியை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பார்க்கும். அப்படியும் தணியாவிட்டால் உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கேட்டுக்கொண்டிருந்தால் வெந்தே போய்விடும்!

உஷ்ணம் ஏன் ஏறுகிறது? இதில்தான் நம் ஊர் விசேஷம். திருப்பூர், பல்லடம், அவிநாசி, சோமனூர் வட்டாரத்தில் காற்றில் பறப்பது வெறும் தூசி அல்ல, பஞ்சு. நிட்டிங் மெஷினில் நூல் ஓடும்போதும், துணி வெட்டும்போதும், ஓவர்லாக்கில் ஓரம் நறுக்கும்போதும் பொடிப்பொடியாக இழை கிளம்புகிறது. கம்ப்யூட்டரின் விசிறி காற்றோடு அதையும் உள்ளே இழுக்கிறது. மண் தூசியாவது இடுக்கில் நழுவிப் பாதி வெளியே போய்விடும். இழை போகாது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். (ஊரின் தொழிலே பின்னல்தானே!) சில மாதங்களில் விசிறிக்கும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி விரித்தாற்போல் ஒரு படலம் உட்கார்ந்துவிடும். மேலே பார்த்தால் விசிறி ஜோராகச் சுற்றும். காற்று மட்டும் கீழே இறங்காது. திறந்து பார்த்தவர்கள்கூட ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

போதாக்குறைக்குச் சில வீடுகளில் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அழகான எம்ப்ராய்டரி உறை வேறு! ஓடாதபோது போர்த்துங்கள், ஓடும்போது வேண்டாம்.

அணைந்ததும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே கிளம்பாமல், அல்லது கிளம்பிய இரண்டாவது நிமிஷமே விழுந்து, பத்து நிமிஷம் ஆறவிட்டால் எழுந்திருக்கிறதா? பெரும்பாலும் உஷ்ணம்தான். மெக்கானிக் வைரஸ் என்று சாதித்தால் அதற்கும் ஒரு பரீட்சை உண்டு. பொத்தானை அழுத்தியதுமே டெலீட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டினால் ‘பயாஸ்’ என்கிற ஆரம்பத் திரை வரும். அநேக யந்திரங்களில் உஷ்ண அளவையும் அங்கேயே காணலாம். அப்போது விண்டோஸ் இன்னும் விழித்தே இருக்காது. அந்தத் திரையிலேயே அரைமணி நேரம் விட்டுவையுங்கள். அங்கேயும் அணைந்தால் வைரஸ் பேரில் பழி போடுவதற்கில்லை. ‘ஈவென்ட் வியூவ’ரில் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். அதைக் காட்டிப் பவர் சப்ளையை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முறைப்படி மூடாமல் நின்றுபோயிற்று என்பதற்குமேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை.

சுத்தம் செய்வது பிரமாத வித்தை அல்ல. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு ஒருமுறை பொத்தானை அழுத்தினால் மிச்சம் மீதி மின்சாரமும் வடிந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுங்கள். காற்றடிப்பதானால் விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வீடெல்லாம் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் இங்கே உதவாது. அதிலிருந்தும் இழைதானே உதிரும்! பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், ஆளை அடித்துவிடும். விசிறியும் தகடும் சேர்ந்த தொகுதியைக் கழற்ற நேர்ந்தால், அடியிலுள்ள வெப்பப் பசையைப் புதிதாக, பட்டாணி அளவு, இட்டுத்தான் மாட்டவேண்டும். அதை மெக்கானிக்கே செய்யட்டும்.

எல்லாம் சுத்தம், இருந்தும் அணைகிறதா? அப்படியானால் மின்சாரத்தைப் பாருங்கள். அயர்ன் பாக்ஸ் போட்டதும், பவர் டேபிள் மோட்டார் கிளம்பியதும் விளக்கு மங்கி, அதே நொடியில் கம்ப்யூட்டர் விழுந்து எழுந்தால், வயரிங்கில்தான் கோளாறு. கம்ப்யூட்டருக்குத் தனி லைன் போடச் சொல்லுங்கள்.

2012-இல் மின்வெட்டு வாட்டி எடுத்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது பல வீடுகளில் இன்வெர்ட்டர் குடிபுகுந்தது. அவற்றில் பலவற்றின் பின்புறம் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு: ஒரு பக்கம் ‘யுபிஎஸ்’, மறுபக்கம் ‘நார்மல்’. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. கம்ப்யூட்டர் தன் கையிருப்பை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே ஒரு சுற்று நேரம்தான் தாக்குப்பிடிக்கும். ‘நார்மலி’ல் இன்வெர்ட்டர் அதைவிடத் தாமதமாகக் கைகொடுக்கும். மின்விசிறிக்கு அது தெரியவே தெரியாது, கம்ப்யூட்டர் விழுந்துவிடும். சுவிட்சைத் தள்ளி வைத்த மாத்திரத்தில் தீர்ந்துபோன கோளாறுகள் உண்டு.

தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு: அதன் பாட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்ந்துவிடும், பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் எரியும். வேலையில்லாத ஒரு நாளில் எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரும் கூடவே அணைந்தால் பாட்டரிக்கு ஆயுள் முடிந்தது.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். அதற்குமுன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு அணைந்தது, இயக்கி எவ்வளவு நேரம் கழித்து, அப்போது வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது, எத்தனை நிமிஷத்தில் மறுபடி எழுந்தது. போர்டின்மேல் நிற்கும் குட்டி உருளைகளில் எதன் தலையாவது பூரி மாதிரி உப்பியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். “ஃபார்மட்” என்று அவர் வாயெடுக்குமுன் சீட்டை நீட்டிவிடலாம். கூலிக் கணக்கின் பிரதி ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவே எடுத்துவிடுங்கள்.