பனி ஊர்தியைப் பேணும் முறை

பனி என்றால் மார்கழி அதிகாலையில் புல்நுனியில் நிற்கும் துளிதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் குளிர்காலம் வந்தால், சாலை எது, வயல் எது என்று தெரியாதபடி பனி மூடிவிடுகிறது. அங்கு மக்களுக்கு உற்ற துணையாய் விளங்குவது ஸ்னோமொபைல் எனப்படும் பனி ஊர்தி. அதைப் பழுதின்றிப் பேணும் விதத்தை இங்கே காண்போம்.

கியூபெக்கில் வால்கோர் என்ற ஊரைச் சேர்ந்தவர் ஜோசப் ஆர்மன் பொம்பார்டியே. 1922ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, பழைய ஃபோர்டு கார் எஞ்சினையும் காற்றாடியையும் சறுக்கு வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 15, நம் வயதுதான்! 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் துடித்தபோது, பனி மூடிய வழியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமல் குழந்தை இறந்துபோயிற்று. மனம் தளராத தந்தை, பற்சக்கரத்தால் சுழலும் பட்டை அமைப்பை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். ‘ஸ்கீ-டூ’ என்ற சிறிய ஊர்தி 1959இல் விற்பனைக்கு வந்தது.

இவ்வூர்தியின் முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்புறம் அகன்ற ரப்பர் பட்டை. சைக்கிள் சங்கிலியைப் போலவே இப்பட்டைக்கும் இறுக்கம் அளவோடு இருக்க வேண்டும். தளர்ந்தால் பற்சக்கரத்தின் மீது தாவிக் குதிக்கும். மிக இறுகினால் எஞ்சின் வலிமை வீணாகும், தண்டவாளத்தின் பிளாஸ்டிக் உறையும் தேயும். ஓடும்போது பட்டை ஒரு பக்கம் ஒதுங்கினால், எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒதுங்கிய பக்கத்துத் திருகாணியைச் சற்று முறுக்க வேண்டும். சுழலும் பட்டைக்குப் பின்னால் எவரும் நிற்கலாகாது.

சறுக்குக் கட்டைகளின் அடியிலுள்ள உலோகப் பட்டயங்களே உறைபனியைக் கௌவி வண்டியைத் திருப்புகின்றன. அவை மழுங்கினால், கைப்பிடி வளைந்தாலும் வண்டி நேரே போய் மரத்தில் மோதலாம். ஆகவே அவற்றை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

எஞ்சினின் ஆற்றலைப் பட்டைக்குச் சேர்ப்பவை இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் ஆகும். வேகம் கூடக்கூடக் கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் கியரின் வேலையைச் செய்கின்றன. முன் கப்பியிலுள்ள சிறு எடைகள் கனமானால் எஞ்சினின் சுற்று வேகம் குறையும், இலேசானால் கூடும். தயாரிப்பாளர் குறித்த சுற்று வேகம் முழு விசையில் கிடைக்குமாறு எடைகளையும் சுருள்வில்லையும் தேர்ந்தெடுப்பதே திறமை. பெல்ட் தூசியைத் துடைப்பதும், விரிசல் கண்ட பெல்ட்டை மாற்றுவதும் அவசியம்.

கார்புரேட்டர் உள்ள பழைய ஊர்திகளில் இன்னொரு நுட்பம் உண்டு. குளிர் மிகும்போது காற்று அடர்த்தியாகி ஆக்ஸிஜன் கூடுகிறது. அதற்கேற்ப எரிபொருளும் கூட வேண்டும் அல்லவா? எனவே பெரிய துளையுள்ள ஜெட்டைப் பொருத்துவர். உயர்ந்த மலைகளில் காற்று மெலிவதால் சிறிய ஜெட் போதும். எரிபொருள் குறைந்தால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் உருகக்கூடும். ஸ்பார்க் பிளக்கின் நிறமே இதைச் சொல்லிவிடும். இளம்பழுப்பு நலம், வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவு, கருத்து ஈரமாயிருந்தால் மிகுதி. இன்றைய ஊர்திகள் பலவற்றில் கணிப்பொறியே இதைக் கவனித்துக்கொள்கிறது.

இறுகிய உறைபனிப் பாதையில் மற்றோர் ஆபத்தும் உண்டு. பட்டை தூவும் பனித்துகளே தண்டவாள உறைக்கு எண்ணெய் போலவும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்குக் குளிரூட்டியாகவும் உதவுகிறது. துகள் கிடைக்காத இடங்களில், பனியைக் கீறித் தூவும் சிறு கம்பிகளைப் பொருத்துவர்.

பயணம் புறப்படுமுன் மாற்று பெல்ட், ஸ்பார்க் பிளக், கருவிகள் ஆகியவற்றை எடுத்துவைத்தல் நலம். மனித நடமாட்டமற்ற காட்டில், பூச்சியத்துக்குக் கீழ் 30 டிகிரிக் குளிரில், ஓர் அறுந்த பெல்ட் உயிருக்கே உலை வைத்துவிடும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் பெரியோர். ஒரு குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாத துயரத்தைக் கண்டவர் தந்த ஊர்தி இது. அவசர வேளையில் அது ஓட வேண்டுமானால், அவசரமில்லாத வேளையில் அதைப் பேண வேண்டும். இவ்வுண்மை பனி ஊர்திக்கு மட்டுமன்று, நம் கையிலுள்ள எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும் அன்றோ!