கட்டுரைக்குப் புள்ளியிடும் கணனி

நூறு மாணவரின் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியரின் சோர்வு யாவரும் அறிந்ததே. முதலாவது விடைத்தாளை நோக்கிய கண் நூறாவது தாளையும் அவ்வாறே நோக்கும் என்பதற்கு உறுதியில்லை. இப்பணியில் கணனி துணைசெய்யுமா என 1960ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தவர், ஐக்கிய அமெரிக்காவின் கொனெக்ரிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்லிஸ் பேஜ் ஆவார்.

அக்காலக் கணனி கட்டுரையின் பொருளை உணராது. ஆதலால் கட்டுரையின் நீளம், சொற்களின் சராசரி நீளம், காற்புள்ளிகளின் தொகை முதலியவற்றை அவர் அளந்தார். ஆசிரியர்கள் இட்ட புள்ளிகளோடு இவ்வளவுகள் எங்ஙனம் பொருந்துகின்றன எனக் கணித்து, புதிய கட்டுரைக்குரிய புள்ளியைக் கணனி கொண்டு மதிப்பிட்டார். அதன் தீர்ப்பு ஆசிரியர் தீர்ப்பைப் பெரிதும் ஒட்டியே அமைந்தது.

ஆயினும் புறத்தோற்றம் பொருளாகிவிடாது. 2014இல் லெஸ் பெரல்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், மாணவர் சிலரின் துணையோடு கணனி நிரல் ஒன்றை ஆக்கினார். அருஞ்சொற்கள் மலிந்த, பொருளே இல்லாத கட்டுரைகளை அது நொடியிற் புனைந்தது. புள்ளியிடும் கணனியோ அவற்றிற்கு உயர்ந்த புள்ளிகளை வழங்கிற்று! அவ்வாறாயின், தெளிந்த கருத்தைச் சில எளிய சொற்களில் எழுதிய மாணவனின் கதி யாது? அவன் இழப்பது சில புள்ளிகளை மட்டுமன்று; உயர்கல்வி வாய்ப்பையே இழக்கவுங்கூடும்.

இதற்குக் காப்பு இல்லாமலில்லை. முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கான ஜீமாட் பரீட்சையில், 1999இல், ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு பரீட்சகரும் ஒரு கணனியும் தனித்தனியே மதிப்பிடும் முறை புகுத்தப்பட்டது. இரு தீர்ப்புகளும் ஒரு புள்ளிக்கு மேல் வேறுபடின் மற்றொரு பரீட்சகர் படித்தார்.

இன்றைய கணனிகள் மொழியை இன்னும் நுட்பமாகக் கையாளுகின்றன. எனினும் முறை அதுவே: கணனி சோர்வின்றி எண்ணட்டும், கருத்தை எடைபோடும் பொறுப்பு ஆசிரியரிடமே இருக்கட்டும்.