பிடி அரிசியும் கணக்கு நோட்டும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வறுமை, சம்பளத் தேதிக்கு முந்தைய பத்து நாட்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும், அவற்றை நம்பிய எண்ணற்ற உதிரிபாகப் பட்டறைகளும் இங்கு வளர்ந்தன. ஆர்டர் குறையும்போது முதலில் நிறுத்தப்படுபவர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வருபவர்களே. ஆனால் அவர்கள் குடியிருக்கும் 'லைன் வீட்டின்', அதாவது வரிசையாகக் கட்டிப் பொதுக் கழிப்பறையுடன் வாடகைக்கு விடப்படும் ஒற்றை அறைகளின், வாடகை மட்டும் ஒரு மாதமும் நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது என்பதால், சோற்றுக்கே வழியில்லை என்ற நிலை அரிது. எனினும் சோறு மட்டும் சமையல் ஆகிவிடாது. எண்ணெய், பால், சிலிண்டர், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு வரும்போது கைகொடுப்பது தெருதான்.

இத்தகைய உதவிகளில் மிகப் பழமையான முறைகளுள் ஒன்று பிடி அரிசி. உலை வைக்குமுன் கழுவ எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்படியில் இதற்கென வைத்த டப்பாவில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பதே இதன் நடைமுறை. காஞ்சி மடத்தின் சங்கராச்சாரியாராக இருந்த சந்திரசேகரேந்திர சரசுவதி இதனை ஊக்குவித்தார். தேவாலயங்களின் பெண்கள் குழுக்களிலும் இம்முறை உண்டு. ஒரு பிடியை ஏறத்தாழ 50 கிராம் என்று கொண்டால் ஒரு வீட்டில் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவும், இருபது வீடுகள் சேர்ந்தால் 30 கிலோவும் தேறும். தருபவருக்கு இழப்பே தெரியாத இந்தக் கணக்கில்தான் அதன் நுட்பம் இருக்கிறது.

மளிகைக்கடையின் கணக்கு நோட்டையும் இவ்வரிசையில் வைக்கலாம். கடைக்காரர் அதைத் தர்மம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார் என்பது வேறு விஷயம். 'எழுதி வச்சுக்கோங்க' என்ற ஒரு சொல்லுக்கு வட்டியில்லாமல் பருப்பும் சோப்பும் தருபவர், வேலை நின்றுபோன வீட்டின் பக்கத்தைப் பல மாதம் புரட்டாமலே விட்டுவிடுவதுண்டு. வாங்குபவர் கடன்காரராக நிற்கிறாரே தவிர இரப்பவராக நிற்பதில்லை. மானம் காக்கும் இந்த ஏற்பாட்டை எந்த அரசாணையாலும் கொண்டுவர முடியாது.

உருது பேசும் முஸ்லிம்கள் கணிசமாக வாழும் இவ்வட்டாரத்தில், ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சி அக்கம்பக்கத்து வீடுகளின் தூக்குவாளிகளையும் நிரப்புகிறது. பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளிடம் சேர்ந்துவிட வேண்டிய தானியக் கொடையான 'ஃபித்ரா', குடும்பத்தில் தலைக்கு இவ்வளவு என்று அளவு வகுக்கப்பட்ட கடமையாகும்.

பெருநிறுவனங்களுக்கும் கடமை உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றும், ஆலை இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறுகிறது. அப்பணம் வகுப்பறையாகவும் குடிநீர்த் தொட்டியாகவும் மாறுகிறது. இருபதாம் தேதி தீர்ந்துபோன எண்ணெய்க்கு அது வந்து சேராது.

தெருவின் ஈகைக்கும் ஒரு குறை உண்டு: அது முகம் தெரிந்தவர்களையே தேடிச் செல்லும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஓசூரில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கும் இளைஞர்களின் பெயர் எந்தக் கணக்கு நோட்டிலும் எளிதில் ஏறாது. பிற மாநில அட்டைக்கும் ரேஷன் தரும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை'த் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கொரோனா ஊரடங்கு தொடங்கி, ஜூஜூவாடியை ஒட்டிய மாநில எல்லையில் போக்குவரத்து முடங்கியபோது, அவர்களிடம் ஊர் அட்டை இருந்தாலும் அது இங்கே செல்லுபடியாகும் நிலை இல்லை. அவர்களில் வீட்டில் சப்பாத்தி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது கோதுமை மாவு. தமிழ்த் தெரு முதலில் நீட்டியதோ, தன் பழக்கப்படி, புழுங்கலரிசி.