நூறடி ஒயரில் தொலையும் வோல்ட்

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பவர்கள் பலர், பயணத்துக்கு முந்தைய இரவு அதை வீட்டு வாசலில் நிறுத்தி, கராஜ் பிளக்கிலிருந்து நீள ஒயர் இழுத்து ஏசியைப் போடுகிறார்கள். ஏசி ஓடுகிறது, பிரேக்கரும் விழவில்லை. எல்லாம் சரி என்று நினைப்பதுதான் தவறு.

பிரேக்கர் கவனிப்பது ஆம்பியரை. வோல்ட் குறைவது அதற்குத் தெரியாது. மலிவான 16 கேஜ் ஒயர் 100 அடி என்றால், மின்சாரம் போக 100 அடி, திரும்ப 100 அடி. மின்தடை சுமார் 0.8 ஓம். ஏசி 12 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 9.6 வோல்ட் போய்விடும். 120 வோல்டில் கிளம்பியது 110 ஆக வந்து சேரும்; சுவருக்குள் ஓடும் ஒயர் தின்பது தனிக்கணக்கு. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஆம்பியர் பல மடங்கு எகிற, வோல்ட் இன்னும் சரியும். மோட்டார் திணறிச் சூடேறி, நாளடைவில் அதன் கம்பிச்சுருள் கருகும்.

ஒயரில் இழந்ததும் சும்மா போவதில்லை, 115 வாட் வெப்பமாகிறது. மிச்ச ஒயரைச் சுருட்டிப் போட்டிருந்தால் அந்தச் சூடு வெளியேறாது. இவ்வகை ஒயர்களில் பெரும்பாலும் 10 ஆம்பியர் என்றே அச்சிட்டிருக்கும். சுவரின் பிரேக்கரோ 15 அல்லது 20. இடைப்பட்ட ஆம்பியருக்குக் காவலே இல்லை.

10 கேஜ் ஒயர் வாங்குங்கள் (எண் குறைந்தால் தடிமன் கூடும்). அதே 100 அடியில் இழப்பு 2.4 வோல்ட்தான். அது இல்லையென்றால் ஏசியை மறந்துவிட்டு, ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் கேஸுக்கு மாற்றி, பேட்டரி சார்ஜுக்கு மட்டும் ஒயரைப் பயன்படுத்துங்கள்.

வோல்ட் குறைகிறது என்று புகார் செய்யுமுன் அதை இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். ஏசி ஓடும்போது பிளக்கில் சரியாகவும் வண்டிக்குள் குறைவாகவும் இருந்தால், குற்றவாளி உங்கள் ஒயர். கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்புப் பெட்டியிலேயே குறைந்தால் அலுவலகத்தில் அளவைக் காட்டி வேறு இடம் கேளுங்கள். காசு கொடுத்திருக்கிறீர்கள், கூச்சம் வேண்டாம். வீட்டுக்கு வரும் மின்சாரம் வழக்கமாக 114 முதல் 126 வோல்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ஏ.என்.எஸ்.ஐ. எனும் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் தரம். வண்டியை இணைக்காதபோதும் அதற்குக் கீழே நின்றால் மின் நிறுவனத்திடம் சொல்லுங்கள். அது தனியார் நிறுவனமாக இருந்து அசையவில்லையென்றால் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தில் முறையிடலாம். குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்தியும் உருகிய ஒயரைத் தூக்கி எறியாதீர்கள்: நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு இணையத்திலேயே புகார் அனுப்பலாம். வாடகை வண்டியானால் வோல்ட்மீட்டர் காட்டும் அளவைப் படமெடுத்து வையுங்கள். ஏசி பழுதுக்காக முன்பணத்தில் கைவைக்க வந்தால் அந்தப் படம் பேசும்.