ஆறப் பொறுக்கணும்!



"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சோற்றுக்குச் சொன்ன பழமொழி ரேடியேட்டருக்கும் பொருந்தும் என்பதை இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

"தண்ணி கொதிக்குதுப்பா" என்று ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார் டிரைவர். என்னோடு வந்த நண்பன் ஆர்வக்கோளாறில் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். அவ்வளவுதான்! கொதிநீரும் நீராவியும் பீறிட்டு முழங்கை வரை வெந்துவிட்டது. ஒருவர் பேஸ்ட் தடவ ஓடிவந்தார். ஹெட் மெக்கானிக் அண்ணன் அவரைத் தடுத்து, "கையைக் குழாய்ல பிடிடா தம்பி" என்று 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வைத்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று வாரம் அவனால் பேனா பிடிக்க முடியவில்லை.

ஏன் இப்படி ஆச்சு? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆனால் பிரஷர் கேப் உள்ளே சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தேக்கினால், கொதிநிலை சுமார் 118 டிகிரிக்கு ஏறிவிடும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகச் சீறும். விசில் அடங்காத குக்கரை அம்மா திறப்பாங்களா?

இனி வேலைக்கு வருவோம்.

1. ஆற விடுதல்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் இக்னிஷனை அணைத்த பிறகும் தானாகச் சுற்றலாம். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். மேல் ஹோஸை முதலில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லாவிட்டால் அமுக்கிப் பாருங்கள். சூடாகவோ விறைப்பாகவோ இருந்தால் இன்னும் காத்திருங்கள். ஆறிய பிறகும் கனமான துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, மூடியை மெல்லத் திருப்புங்கள்.

2. வடித்தல்: கீழே டிரே வைத்து டிரெயின் காக்கைத் திறங்கள். காக் இல்லாவிட்டால் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்துங்கள். வருகிற தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால் துரு. எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கட்டையும் ஆயில் கூலரையும் சந்தேகப்படுங்கள்.

3. கழுவுதல்: சுத்தமான தண்ணீர் ஊற்றி, மூடியை மூடி, பேட்டரி வயரை மாட்டி இன்ஜினை ஓட்டுங்கள். ஹீட்டர் 'ஹாட்'டில் இருக்கட்டும். பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும்; அப்போதுதான் தண்ணீர் ரேடியேட்டர் முழுதும் சுற்றும். கை, சட்டை நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. பிறகு நிறுத்தி, மறுபடியும் ஆறவிட்டு வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதேதான். அவசரப்பட்டு, சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். உப்பு நீக்க ஆசிட் ஊற்றாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.

4. நிரப்புதல்: "நம்ம ஊர்ல தண்ணி எங்கே உறையுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கூலண்ட் உறையாமல் காப்பதோடு கொதிநிலையை உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது. போர் தண்ணீரின் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் உள்ளே படிந்து சூடு வெளியேறாமல் செய்துவிடும். எனவே மேனுவல் சொல்லும் வகைக் கூலண்டை, அது சொல்லும் விகிதத்தில் (பெரும்பாலும் பாதிக்குப் பாதி) டிஸ்டில்டு வாட்டரில் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். ஏர் லாக் வெளியேறியதும் அளவு இறங்கும். வண்டி ஆறிய பின் பார்த்து நிரப்புங்கள்.

5. பழைய கூலண்ட்: இதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிக்கும்; ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். குழந்தையோ தெருநாயோ குடித்தால் உயிருக்கே ஆபத்து. சாக்கடையில் கொட்டாமல், குடிநீர் பாட்டிலில் ஊற்றாமல், பெயர் எழுதிய கேனில் மூடி வைத்து, கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

நண்பனின் கை ஆறிவிட்டது, தழும்பு ஆறவில்லை. இப்போது யாராவது சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைத்தால், அவன் ஒன்றும் பேசாமல் தன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுகிறான்.

— மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு