வழி தவறிய குண்டு



‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்று ஒரு பழமொழி உண்டு. குற்றம் அம்பின் மேல் இல்லை, எய்தவன் மேல்தான் என்பது அதன் பொருள். ஆனால் எய்தவன் மேல் ஒரு தப்பும் இல்லாமல், குண்டே வழி தவறிப்போன கதை ஒன்று இருக்கிறது. அது பழைய காலத் துப்பாக்கியின் கதை.

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியப் படைவீரர்கள் ‘மஸ்கட்’ என்ற துப்பாக்கியை வைத்திருந்தார்கள். அதன் குழல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். உட்புறம் தண்ணீர்க் குழாய் போல வழவழவென்று இருக்கும். குழலின் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, நீண்ட கம்பியால் குத்தி இறக்குவார்கள். விசையை அழுத்தினால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதும். தீப்பொறி பறக்கும். மருந்து பற்றிக்கொள்ளும். ‘டமார்!’

சரி, குறி தப்பாமல் சுட முடியுமா? பக்கத்தில் இருந்தால் முடியும். தொலைவு கூடக் கூட முடியாது. ஜார்ஜ் ஹேங்கர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1814-ல் இதைப் பற்றி எழுதினார். 80 கஜத்தில் நிற்கும் ஆள் மீது குண்டு படும் என்றார். 150 கஜத்தில் பட்டால், பட்டவன் மிகவும் துரதிர்ஷ்டசாலி. 200 கஜத்தில் ஒருவனைக் குறிபார்ப்பது வீண் வேலை என்பது அவர் கருத்து. ஒரு கஜம் என்பது 3 அடி. அப்படியானால் 200 கஜம் எவ்வளவு அடி? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இதனால்தான் அந்தக் காலப் படைவீரர்கள் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் சுட்டார்கள். ஒரு குண்டு தவறினாலும் இன்னொரு குண்டு படும் அல்லவா?

குண்டு ஏன் தவறியது?

பிரிட்டிஷ் படையின் ‘பிரவுன் பெஸ்’ என்ற மஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். அதன் குழலின் உள் அகலம் சுமார் 19 மில்லிமீட்டர். குண்டின் அகலமோ சுமார் 17.5 மில்லிமீட்டர்தான். வேண்டுமென்றே குண்டைச் சிறியதாகச் செய்தார்கள். சில தடவை சுட்டதும் குழலுக்குள் கரி அப்பிக்கொள்ளும். குண்டு கச்சிதமாக இருந்தால், அப்புறம் உள்ளே இறங்காது. குண்டு சிறியதாக இருந்ததால் ஒரு நிமிடத்தில் மூன்று முறைகூடச் சுட முடிந்தது.

ஆனால் அந்தச் சிறிய இடைவெளி ஒரு வம்பைக் கொண்டு வந்தது. பெரிய குழாய்க்குள் கோலிக்குண்டை வேகமாக உருட்டினால் என்ன ஆகும்? இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டுதான் போகும். மஸ்கட் குண்டும் அப்படித்தான். வெளியே வரும்போது அது கொஞ்சம் திசை மாறியிருக்கும். அதோடு, குழல் சுவரில் உரசியதால் சுழன்றுகொண்டும் இருக்கும்.

இந்தச் சுழற்சிதான் பெரிய குறும்பு செய்கிறது என்று கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். இவர் 1707-ல் இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில், ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், கணித அறிஞர்.

வளைந்த குழல்

ராபின்ஸ் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். மஸ்கட் குழலின் முனையை இடப்பக்கமாக லேசாக வளைத்தார். குண்டு போகும் வழியில் மெல்லிய தாள் திரைகளைக் கட்டினார். குழலின் நேரான பகுதியை வைத்துக் குறிபார்த்துச் சுட்டார்.

குழல் இடப்பக்கம் வளைந்திருக்கிறது. குண்டு எந்தப் பக்கம் போகும்? “இடப்பக்கம்தான்!” என்கிறீர்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் அது இடப்பக்கம்தான் போனது. பிறகு மெல்ல வளைந்து, நேர்க்கோட்டைத் தாண்டி, வலப்பக்கம் போய்விட்டது! திரைகளில் விழுந்த ஓட்டைகளே அதற்குச் சாட்சி.

காரணம் இதுதான். வளைவில் குண்டு குழலின் வலப்பக்கச் சுவரை உரசிக்கொண்டு உருண்டது. அதனால் அதன் முன்பக்கம் வலப்புறமாகத் திரும்பும்படி சுழன்றது. சுழலும் உருண்டை காற்றில் பறக்கும்போது, அதன் முன்பக்கம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கமே காற்று அதைத் தள்ளும். கால்பந்தாட்டத்தில் உதைத்த பந்து வளைந்து போய் வலைக்குள் விழுவதும் இதனால்தான்.

நேரான குழலில் குண்டு கடைசியாக எந்தப் பக்கம் உரசும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு முறை இடப்பக்கம் விலகும். மறுமுறை மேலே ஏறும். வளைந்து போவதால், தொலைவு இரண்டு மடங்கானால் விலகல் அதைவிட மிக அதிகமாகும். எவ்வளவு கூர்மையான கண் இருந்தாலும் வீரன் என்ன செய்வான்?

இதற்கு ராபின்ஸ் சொன்ன வழி, குழலின் உட்புறம் திருகு போன்ற பள்ளங்கள் இருக்க வேண்டும் என்பது. அதுதான் ‘ரைபிள்’. அதில் குண்டு தாறுமாறாகச் சுழலாது. போகும் திசையையே அச்சாகக் கொண்டு, பம்பரம் போலச் சுழன்று நேராகப் போகும். ரைபிள் அப்போதே இருந்தது. ஆனால் இறுக்கமான குண்டை இறக்க நேரமானதால், பெரும்பாலான வீரர்களுக்கு மஸ்கட்தான் கிடைத்தது. 1849-ல் பிரான்சு நாட்டின் மினியே எளிதாக இறங்கும் புதுவகைக் குண்டை அமைத்த பிறகே நிலைமை மாறியது.

ராபின்சுக்கு 1746-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ஆனாலும் ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதைகூட, சுழற்சியால் குண்டு விலகும் என்பதை ஏற்கவில்லை. குண்டின் வடிவம் சரியில்லாததே காரணம் என்று நினைத்தார். 1852-ல் ஜெர்மனியின் மாக்னஸ் இதை மறுபடியும் ஆராய்ந்தார். இன்று உலகம் இதை ‘மாக்னஸ் விளைவு’ என்றே அழைக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டவரின் பெயர் விட்டுப்போயிற்று!

அந்த ராபின்ஸ் எங்கே காலமானார் தெரியுமா? நம் கடலூரில்! கோட்டைகளைச் சீரமைக்க, கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக அவர் 1750-ல் இங்கே வந்தார். மறு ஆண்டு ஜூலையில், தேவனாம்பட்டினத்தை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

நீங்களும் செய்து பாருங்கள்

ராபின்ஸ் செய்த இன்னொரு சோதனைக்கு மருந்தும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். லேசான பந்து ஒன்றை இரட்டை நூலில் நீளமாகத் தொங்கவிடுங்கள். ஊஞ்சல் போல ஆட்டினால் நேராக முன்னும் பின்னும் போகும். இப்போது நூலை நன்றாக முறுக்கிவிட்டு ஆட்டுங்கள். முறுக்கு பிரியும்போது பந்து சுழலும். அதன் பாதையும் ஒரு பக்கமாக விலகும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் எந்தப் பக்கம் விலகும்? முதலில் உங்கள் விடையை ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் ஆட்டிப் பாருங்கள்.

பெரிய மேதை சொன்னாலும் சரி, ஊரே சொன்னாலும் சரி, சோதித்துப் பார்த்த பிறகு நம்புவதுதான் அறிவியல். ராபின்ஸ் ஒரு குழலை வளைத்து நமக்குக் கற்றுத் தந்த பாடம் அதுவே!